இடுக்குக் கல் எழுதிய கடிதங்கள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து அடுப்பையும் மூட்டி வைத்திருக்கும் மதிப்புக்குரிய போதகர் ஐயா அவர்களே. பகலெல்லாம் பலகைக்கல்லைப் பிளந்த கைகளால் மாலையில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பழகிய இந்த ஊரின் பெரியோர்களே. திராட்சை ரொட்டிக்கு வெண்ணெய் தடவி மேசை நிறைய அடுக்கிவிட்டு, பேச்சு முடியும்வரை ஒரு துண்டும் குறையக் கூடாது என்று காவலும் வைத்திருக்கும் தாய்மார்களே. பாடகர் குழுவின் சகோதரர்களே, சகோதரிகளே. ஈரக் கோட்டைக் கழற்றாமலே கடைசிச் சுவரில் சாய்ந்து, பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று நிற்கும் நண்பர்களே. உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த இத்வால் பென்ரிக்கும், கடற்கரைக் கல்லூரியில் நம் மொழியைக் கற்பித்த பேராசிரியர் தெகித் மொஸ்டினுக்கும் இடையே போய் வந்த கடிதங்கள் நூலாக வரப்போகின்றன. அச்சுக்கோப்பு முடிந்துவிட்டது. அட்டை மட்டும் பாக்கி. அட்டையில் இரண்டு பெயர் போதும் என்கிறது நூற்குழு. போதாது என்கிறேன், அந்தக் கடிதங்களை அச்சுக்குப் படியெடுத்த நான். நேற்று போதகர் ஐயாவிடம் முறையிட்டேன். அவர் சொன்னது இதுதான்: "டீக்கு முன்னாடி நீ பேசிடும்மா. டீக்கு அப்புறம் நாங்க முடிவு பண்றோம்." ஆகவே வாழ்த்த வந்தவளாக மட்டும் நான் இங்கே நிற்கவில்லை. வாதாட வந்தவளாகவும் நிற்கிறேன்.

ஆனால் வாதத்துக்கு முன் வணக்கம். அந்த இருவரையும் போற்றாமல் எப்படித் தொடங்குவேன்? இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே, கூலி குறைந்து கற்குழிகள் மூடிய கொடிய காலத்தில், வாரம் தவறாமல் எழுதிக்கொண்டவர்கள் அவர்கள். எதைப் பற்றி? நலம் விசாரித்தா? வானிலை பற்றியா? இல்லை. ஒரு பாட்டின் நான்கு அடிகளைப் பற்றி. அடியின் முன்பாதியில் வந்த ஒலிகள் பின்பாதியிலும் அதே வரிசையில் திரும்பி வர வேண்டும் என்ற நம் பாட்டுக் கட்டைப் பற்றி. வயிற்றுக்கில்லாத ஊரில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வழக்காடிக்கொண்டிருந்தார்களே, இவர்களைப் பித்தர்கள் என்பதா, பெரியவர்கள் என்பதா? நான் பெரியவர்கள் என்கிறேன். பித்தும் கொஞ்சம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

இத்வாலின் நாய் இறந்துபோயிற்று. அதற்கொரு இரங்கற்பா எழுதி அனுப்பினார். பேராசிரியரின் பதில் எப்படி இருந்தது தெரியுமா? "உங்கள் நாயை எனக்குத் தெரியும், நல்ல நாய். ஆனால் பாட்டு நாய்க்கு முன்பே இறந்துவிட்டதே" என்று எழுதினார். வேறொருவராக இருந்தால் உறவே முறிந்திருக்கும். நம்மவர் என்ன செய்தார்? அன்றே உட்கார்ந்தார், திருத்தினார், அடுத்த தபாலில் அனுப்பினார். "நாய் உயிர்த்தெழவில்லை, பாட்டு வாலாட்டுகிறதா பாருங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்தார்.

இந்த வழக்காடலில் தபால்காரர் அப்போர்த்துக்கும் பங்குண்டு. சிக்கனம் கருதி இவர்கள் பல சமயம் அஞ்சலட்டையில் எழுதினார்கள். அஞ்சலட்டையைப் படிக்காமல் கொடுக்கிற தபால்காரரை இந்தப் பள்ளத்தாக்கில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அட்டையை நீட்டும்போதே சொல்வாராம்: "மாஸ்டர், நல்ல பாட்டுதான். மூணாவது அடி மட்டும் லேசா நொண்டுது."

"அதை எழுதினவர் பேராசிரியர், அப்போர்த்."

"யார் காலா இருந்தா என்ன மாஸ்டர், நொண்டினா நொண்டல்தானே."

சிரிக்கிறீர்கள். முன்வரிசையில் அப்போர்த்தின் பேரன் மட்டும் சிரிக்கவில்லை. தம்பி, உங்கள் தாத்தா சொன்னது சரிதான். நான் அந்த அட்டையைப் பார்த்தேன், நொண்டத்தான் செய்கிறது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடிதங்களில் ஒரு கட்டத்தில் கையெழுத்து மாறுகிறது. இத்வாலின் எழுத்து சாய்ந்து, சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிறகு நின்றுபோகிறது. கண்ணில் புரை விழுந்துவிட்டது. அடுத்த கடிதம் நிமிர்ந்த, நெருக்கமான, தெளிவான வேறொரு கையில் வருகிறது. "என் பார்வை விடைபெற்றுக்கொண்டது. பள்ளியின் சிறுவகுப்பு ஆசிரியை தன் கையை எனக்குக் கடன் கொடுத்திருக்கிறார்" என்று அதில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கைக்கு ஒரு பெயர் உண்டு. கைன்வென் ப்ராபர்ட். அடங்கிய பெண் என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளி ஆய்வாளர் வந்து, "உங்க வகுப்புல சத்தம் அதிகமா இருக்கே" என்றபோது, "உயிரோட இருக்காங்க சார், அதான்" என்று பதில் சொன்னவர். நம் பாட்டுக் கட்டைத் தன் அப்பாவிடம், கல் பிளக்கும் கொட்டகையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆண்களோடு உட்கார்ந்து கற்றவர்.

பள்ளி விட்டதும் இருவரும் வகுப்பறையில் உட்காருவார்கள். பேராசிரியரின் கடிதத்தை அவர் வாசிப்பார், மாஸ்டர் கேட்பார். மாஸ்டர் சொல்வார், அவர் எழுதுவார். எழுதுவதோடு நின்றாரா? நிற்பாரா? அந்த அறையைப் பெருக்க வந்த வின்னி அம்மாள் தன் மகளிடம் சொல்ல, அந்த மகள் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன்.

"மாஸ்டர், இந்த அடி வேண்டாம்."

"ஏன் டீச்சர், கட்டு சரியாத்தானே இருக்கு?"

"கட்டு இருக்கு. உசுரு இல்ல. பொட்டிய நல்லா கட்டி உள்ள ஒண்ணும் வைக்காம அனுப்பற மாதிரி இருக்கு."

"அப்ப நீங்க என்ன வைப்பீங்களாம்?"

அவர் சொல்வார். மாஸ்டர் மறுப்பார். அவர் விடமாட்டார். வாதம் வளரும், வெளியே மழை வளரும், கடைசியில் மாஸ்டர், "சரி, சரி, எழுதித் தொலைங்க" என்பார். இது நாள்தோறும் நடந்தது. இதை மாஸ்டர் மறைக்கவும் இல்லை, பேராசிரியரிடம் சொல்லவும் இல்லை. ஒரு வகுப்பறைச் சண்டையை யாராவது கடிதத்தில் எழுதுவார்களா? ஆனால் பேராசிரியரின் பதில்களில் வெளிச்சம் ஏறுவதை நான் பார்த்தேன். "இத்வால், பார்வை போனபின் உங்கள் பாட்டுக்குக் கண் வந்துவிட்டது" என்று எழுதினார். அந்த வரியை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டியவர் யார்? கைன்வென். வாசிக்கும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வியோடு நான் பல பனிக்கால மாலைகளைக் கழித்திருக்கிறேன்.

இப்போது விழாவுக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு பள்ளத்தாக்கின் கவிதை விழாவில், சிறந்த கவிஞரை அமர்த்தும் நாற்காலிப் பரிசுக்குக் குறித்த பொருள் 'மலைச்சுவர்'. நடுவர், பேராசிரியர் தெகித் மொஸ்டின். நம் விழாவின் நேர்மை உங்களுக்குத் தெரியும்: பாட்டின் அடியில் புனைபெயர்தான் இருக்கும், உண்மைப் பெயர் மூடிய உறைக்குள் இருக்கும். வென்றவரின் உறையைத் தவிர மற்றவை திறக்கப்படாமலே நெருப்புக்குப் போகும். நடுவரானதும் பேராசிரியர் இத்வாலுக்கு எழுதினார்: தீர்ப்பு முடியும்வரை நமக்குள் கடிதம் வேண்டாம். அத்தனை சுத்தம் பார்க்கிறவர்.

கைன்வெனும் பாட்டு அனுப்பினார். அவரும் சுத்தம் பார்த்தார். பேராசிரியருக்குத் தன் கையெழுத்து தெரியுமே. அதனால் லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம் என்று தன் தம்பியை விட்டுப் படியெடுத்து அனுப்பினார். புனைபெயர், 'இடுக்குக் கல்'. சுவர் கட்டுகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். பெரிய கற்களுக்கு நடுவே திணிக்கிற அந்தச் சிறிய கல் வெளியே தெரியுமா? தெரியாது. அதை உருவிவிட்டால் சுவர் நிற்குமா?

"ஒரு குளிர்காலம்கூட நிக்காது" என்கிறார் பெரியவர். நன்றி ஐயா. என் வாதத்துக்கு முதல் சாட்சி கிடைத்துவிட்டது.

பேராசிரியர் பாட்டுகளைப் படித்தார். ஒன்றுதான் எழுந்து நின்றது. அதைப் படிக்கப் படிக்க அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம் வந்தது. ஏனென்றால் அந்தக் குரல் அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளாக வாரந்தோறும் அவர் மேசைக்கு வந்த குரல். இது இத்வால், என்று முடிவு செய்துவிட்டார். நண்பனுக்கு நாற்காலி கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? ஊர் இருக்கட்டும், தன் மனசாட்சி என்ன சொல்லும்? தராசைப் பிடித்த கை நட்பின் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று அஞ்சி அஞ்சி, எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டார். மேடையேறிச் சொன்னார்: "இடுக்குக் கல் என்ற கவிஞரிடம் திறமை உண்டு. ஆனால் இந்தப் பாட்டில் நான் கேட்டது வேறொருவரின் குரல். இது எதிரொலி. எதிரொலிக்கு நாற்காலி இல்லை. இந்த ஆண்டு தகுதியுடையோர் எவரும் இல்லை."

நாற்காலியைச் செய்த தச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்: "யாரும் உட்காரலன்னா நானே உட்கார்ந்துக்கறேன். கால் வலிக்குது." அந்தக் கருவாலி மர நாற்காலி இந்தக் கூடத்துக்குத்தான் வந்தது. ஓராண்டு முழுக்க நம் தாய்மார்கள் அதன்மேல் கோட்டுகளைக் குவித்தார்கள்.

அன்பர்களே, நேர்மைக்குப் பயந்தே ஒரு நல்ல மனிதர் அநீதி செய்துவிட்டார். இப்படி ஒரு பிழை இந்த மண்ணில் அல்லாமல் வேறெங்கே முளைக்கும்?

தடை நீங்கியதும் பேராசிரியர் எழுதினார்: "மன்னித்துவிடுங்கள் இத்வால். உங்களுக்குத் தர எனக்குத் துணிவில்லை." மாஸ்டர் திகைத்துப்போனார். அவர் எதையுமே அனுப்பவில்லையே. "அது என் பாட்டில்லை" என்று பதில் போட்டார். அப்படியானால் யாருடையது? உறை எரிந்துவிட்டது. அங்கே தொடங்கியது நம் நூலின் மிக வேடிக்கையான பகுதி. இரண்டு அறிஞர்களும் மாதக்கணக்கில் ஊகித்தார்கள். மருந்துக்கடைக்காரரா? மேலூர்ப் போதகரா? ரயில் நிலைய அதிகாரியா? பாதி மாவட்டத்து ஆண்கள் அந்தக் கடிதங்களில் வந்து போகிறார்கள். ஒரு பெண்ணின் பெயராவது? ஒன்றுகூட இல்லை. அத்தனை ஊகங்களையும் வாசித்துக் காட்டியவர் யார், எழுதிக் கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

"டீச்சர், உங்களுக்கு யாருன்னு தோணுது?" என்று மாஸ்டர் ஒருநாள் கேட்டாராம்.

"மருந்துக்கடைக்காரர் இல்ல மாஸ்டர். அவர் கசப்பத் தவிர வேற ஒண்ணும் எழுத மாட்டார்."

விளையாட்டாகச் சொல்லிவிட்டார். ஆனால் உள்ளே என்ன ஓடியிருக்கும்? 'நான்தான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகும்? எதிரொலி என்ற பழி போகாது. மாஸ்டரிடம் கடன் வாங்கிய குரல் என்றே உலகம் சொல்லும். அந்தக் குரலே என்னுடையது என்று நிரூபிக்கப் போனாலோ, இரண்டு ஆண்டுகளாக மாஸ்டருக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் பங்குபோகும். பார்வையை இழந்த மனிதர், பெயரையும் இழப்பாரே. ஒரு பக்கம் தன் பெயர், மறுபக்கம் அவர் பெயர். சகோதரிகளே, இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பெரும்பாலும் பேசாமல் இருந்திருப்போம். அதற்குப் பெருந்தன்மை என்று பெயரும் வைத்திருப்பார்கள்.

கைன்வென் பேசாமல் இருக்கவில்லை. மாஸ்டர் சொல்லச் சொல்ல ஒரு கடிதத்தை எழுதி முடித்தார். அதன் அடியில், அதே கையில், நான்கு அடிகள் சேர்த்தார்.

சுவரெடுத்தான் பேரைச் சொல்லும் சீமை;
சுமைதாங்கும் சிறுகல்லைச் சொல்லக் காணோம்;
எதிரொலிதான் என்றுரைத்தீர், ஏற்றேன், ஐயா,
எந்தமலை முதற்குரல்என்று எண்ணினீரா?

கீழே கையொப்பம்: இடுக்குக் கல்.

பேராசிரியர் அதைக் காலையில் பிரித்தார். அவருடைய தொழில் என்ன? பழைய ஏடுகளில் ஒரு கை எங்கே முடிந்து மறுகை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது. அந்தத் தொழிலை அன்றுதான் தன் மேசை இழுப்பறையில் செய்தார். இத்வாலின் கடிதங்களையெல்லாம் தரையில் பரப்பினார். இத்வால் தன் கையால் எழுதிய காலத்துப் பாட்டுகள் ஒரு வரிசை, ஆசிரியையின் கையில் வந்தவை ஒரு வரிசை. மனைவி வந்து எட்டிப் பார்த்து, "சூப் ஆறிப்போச்சு. தரையில என்ன தேடறீங்க?" என்றார். அவர் நிமிராமலே சொன்னார்: "நான் போன வருஷம் ஒருத்தரத் தப்பாச் சொல்லிட்டேன். அவங்க குரல் மாதிரியே அவங்க பாடறாங்கன்னு குத்தம் சொல்லிட்டேன்."

எதிரொலி என்று அவர் ஒதுக்கியது மூலக்குரல். கைன்வென் கைன்வெனைப் போல எழுதியதற்காகத்தான் நாற்காலி மறுக்கப்பட்டது.

அடுத்த விழா நெருங்கியதும் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கைன்வென் உரக்க வாசித்தார்: "விழாவுக்கு வருகிறேன். பேச ஒன்று இருக்கிறது. முன்வரிசையில் உட்காருங்கள் இத்வால். இதை உங்களுக்கு வாசிக்கிறவரையும் உடன் அழைத்து வாருங்கள்."

"ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?"

"வெளிச்சம் பத்தல மாஸ்டர்."

விழாவன்று பேராசிரியர் மேடைக்குப் போகுமுன் குழுச் செயலாளர் வழிமறித்தார். "தீர்ப்பு தீர்ப்புதான் புரொபசர். அதை மாத்த முடியாது."

"தீர்ப்ப மாத்த வரல. தப்ப ஒத்துக்க வந்திருக்கேன். அதுக்கும் உங்க சட்டத்துல இடம் இல்லையா?"

"நாற்காலி?"

"அது உங்க கூடத்துல கோட்டு சுமந்துட்டு இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதைவிட நல்ல வேலை ஒண்ணு கொடுக்கலாமே."

செயலாளர் தாடையைச் சொறிந்துகொண்டு போனார். திரும்பி வரும்போது நான்கு பேர் நாற்காலியைத் தூக்கி வந்தார்கள்.

பேராசிரியர் பேசினார். நீளமாகப் பேசவில்லை. "போன ஆண்டு இந்த இடத்தில் நின்று தகுதியுடையோர் இல்லை என்றேன். இருந்தார். எதிரொலி என்றேன். அல்ல. காது கெட்டவன் நானே. அந்தக் கவிஞர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை; சொல்லும் உரிமை அவருடையது. கொம்பு ஊதுவார்கள். அவர் விரும்பினால் எழட்டும். விரும்பாவிட்டால் நாற்காலி காலியாகவே இருக்கட்டும், அது எனக்கான தண்டனை."

கொம்பு ஊதியது. 'இடுக்குக் கல்' என்று அழைத்தார்கள். ஆயிரம் தலைகள் திரும்பின. மருந்துக்கடைக்காரரைப் பார்த்தன, அவர் தலையாட்டி மறுத்தார். மேலூர்ப் போதகரைப் பார்த்தன, அவரும் மறுத்தார். எல்லோரும் பார்க்க, பார்க்க முடியாத ஒருவர் மட்டும் முன்வரிசையில் தவித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலத் தன் பக்கத்து இருக்கையை நோக்கித் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"டீச்சர், யாராவது எழுந்தாங்களா? யாருன்னு பார்த்துச் சொல்லுங்க."

பக்கத்து இருக்கை கிறீச்சிட்டது.

"டீச்சர்?"

பக்கத்திலிருந்து வரவேண்டிய குரல் மேலேயிருந்து வந்தது. "நான்தான் மாஸ்டர்."

அந்த ஒரு கணம், என் அன்புக்குரியவர்களே, அந்த அரங்கில் ஒரு மனிதரின் மனம் எத்தனை தொலைவு நடந்திருக்கும். மறுத்து மறுத்து ஏற்ற அடிகள், கண் வந்துவிட்டது என்று வந்த பாராட்டு, உசுரு இல்ல என்று ஒதுக்கிய வரிகள், எல்லாவற்றையும் நடந்து கடந்து அவர் எங்கே போய்ச் சேர்வார் என்று கைன்வெனுக்கும் தெரியாது. அதைத் தெரியாமலேதான் எழுந்து நின்றார்.

இத்வால் பென்ரி கைத்தடியை ஊன்றி எழுந்தார். உரத்த குரலில் கேட்டார்: "நாற்காலிக்குக் கூட்டிட்டுப் போக ரெண்டு கவிஞர் வரணுமே, எங்க அந்த முறை? ஒருத்தன் இங்க இருக்கேன். இன்னொருத்தர் மேடைய விட்டு இறங்கி வரட்டும்."

பேராசிரியர் இறங்கி வந்தார். முறைப்படி இருவரும் இருபுறமும் கைன்வெனின் கையைப் பற்றினார்கள். அப்போது கைன்வென் மெல்லச் சொன்னது முன்வரிசையில் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது.

"மாஸ்டர், முன்னாடி படி இருக்கு. உங்களுக்குத் தெரியாதே."

"நீங்க சொல்லுங்க டீச்சர். நான் வரேன்."

அவர் சொல்லச் சொல்ல, இவர் காலெடுத்து வைத்தார். யார் யாரை அழைத்துப் போனார்கள்? கண்டவர்களால் சொல்ல முடியவில்லை. மூன்று பேர் ஒன்றாகப் படியேறினார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் மொழி பிழைத்தது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கல்லூரியாலா, பள்ளியாலா, மேடையாலா? அவற்றாலும்தான். ஆனால் பள்ளி விட்ட பிறகு ஓர் அறையில், "இந்த அடி வேண்டாம்" என்று சொல்ல ஒருவருக்குத் துணிவும், கேட்க ஒருவருக்குப் பணிவும், தவறினேன் என்று மேடையேறிச் சொல்ல இன்னொருவருக்கு நேர்மையும் இருந்ததே, அதனால் பிழைத்தது. அந்த மூன்றில் எதை உருவினால் சுவர் நிற்கும்?

தலைவர் அவர்களே, நூற்குழுவினரே, அட்டையில் எத்தனை பெயர் என்று தேநீருக்குப் பின் முடிவு செய்யப் போகிறீர்கள். நான் கேட்பது சலுகை இல்லை. ஒரு பெண்ணுக்கு இரக்கப்பட்டு இடம் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. கடிதங்களைத் தரையில் பரப்பிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். பார்த்துவிட்டு, மூன்று பேர் ஏறிய படியில் இரண்டு பேரை மட்டும் நிறுத்திப் படம் எடுக்க உங்கள் கை வந்தால், எடுங்கள்.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கும், நழுவாமல் நின்ற கடைசி வரிசைக்கும், ரொட்டியைக் காத்த தாய்மார்களுக்கும், இந்த அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்ட போதகர் ஐயாவுக்கும் நெஞ்சார நன்றி சொல்லி, இத்வால் பென்ரி, தெகித் மொஸ்டின், கைன்வென் ப்ராபர்ட் என்ற மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் வணங்கி அமர்கிறேன். வணக்கம்.